நான் பிரித்த ஒன்பது தையல்

போன மாதம் ஒரு காலையில், நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அருங்காட்சியகத்திலிருந்து கார்த்திகா கூப்பிட்டாள். பழந்துணிகளைப் பராமரிக்கும் கூடத்தில் எனக்குப் பின் வந்தவள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத்தான் வராது.

"ஆன்ட்டி, அந்த நாகா ஷால் ஞாபகம் இருக்கா? நடுவுல வெள்ளைப் பட்டை, அதுல படமெல்லாம் வரைஞ்சிருக்கும். புது கேமரா வந்திருக்கு, அதுல பாத்தோம். இடது பக்கத் தையல்ல ஒன்பது தையல் மட்டும் வேற நூல்ல இருக்கு. கார்டுல உங்க கையெழுத்து. இதுக்கு மேல பிரிக்காதேன்னு இங்கிலீஷ்ல எழுதி அடிக்கோடு போட்டிருக்கீங்க. யார் பிரிச்சது? மேடம் கேக்கறாங்க, ஜல்தி சொல்லணும்."

நான்தான் பிரித்தேன் என்றேன். நீங்களா, நீங்களா என்று இரண்டு தடவை கேட்டாள். பழந்துணியில் ஒரு நூலைக்கூட வெட்டக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். பத்து நிமிடத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். போனை வைத்த பிறகு, முக்கியமானதை எல்லாம் விட்டுவிட்டதாகத் தோன்றியது. அதனால் எழுதுகிறேன். அவளுக்கு யாராவது படித்துக் காட்டட்டும்.

திருச்சியில் வேதியியல் படித்தேன். கல்யாணமாகித் தில்லி வந்து, கரோல் பாகில் ஒரு மாடி வீட்டில் இரண்டு வருடம், பிறகு ஆர்.கே.புரம் அரசு குடியிருப்பு. வேதியியல் படித்தவர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டபோது, துணி என்றால் எனக்குக் கட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் மட்டுமே தெரியும். முதல் ஆறு மாதமும் துணியைச் சுருட்டக் கற்றேன். மடிக்கக் கூடாது. மடித்தால் மடிப்பிலேயே இற்றுவிடும். மஸ்லின் சுற்றிய உருளையில், சுருக்கம் விழாமல், இழுக்காமல் சுருட்ட வேண்டும். அது கைவந்த பிறகுதான் அடுத்த வேலை.

கூடத்தின் தலைவர் மாத்தூர், எங்களுக்கெல்லாம் மாத்தூர் சாப், அதாவது மாத்தூர் ஐயா. ஒல்லியான மனிதர். உள்ளே வரும்போது வாசலிலேயே கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு பீங்கான் கிண்ணத்தில் போடுவார். துணியில் மாட்டி இழுத்துவிடும் என்பதற்காக. பேனாவுக்கு உள்ளே அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். ஜனவரி மூடுபனியிலும் தேநீரை வெளியே நின்றுதான் குடிப்பார், நாங்களும் கூடவே நடுங்கிக்கொண்டு குடிப்போம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நன்றாகச் செய்தாய் என்றும் கேட்டதில்லை. ஒரு துணியைக் கொடுத்துவிட்டுப் போவார், அரை நாள் கழித்து வந்து, "க்யா தேகா?" என்பார். என்ன பார்த்தாய்?

அதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை. முதல் முறை நான் "கறை இருக்கிறது" என்றேன்.

"கறையா, பழுப்பு நிறமா?" என்று கேட்டார்.

எனக்கு வித்தியாசம் புரியவில்லை. அவர் என் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இடது பக்கம் கண்டதை எழுத வேண்டும். வலது பக்கம் நினைப்பதை எழுத வேண்டும். பழுப்பு நிறம் என்பது கண்டது. கறை என்பது நினைத்தது. அதன் பிறகு என் வேலைக் காலம் முழுவதும் எல்லாத் தாளிலும் அந்தக் கோடு இருந்தது.

அந்த நாகா சால்வை என்னிடம் வந்தபோது எனக்கு அங்கே ஒன்பதாவது வருடமோ பத்தாவது வருடமோ. வடகிழக்கு மாநிலக் கூடத்தைப் புதிதாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். காட்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சோப்ரா. சுறுசுறுப்பானவர், ஞாயிற்றுக்கிழமையும் வந்து தச்சர்களோடு நிற்பார். நுழைந்ததும் கண்ணில் படும் பெட்டியில் இந்தச் சால்வையை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பழைய பதிவேட்டில் அதற்கு எதிரே, "இடது இணைப்பு கோணல், கறை உண்டு" என்று எழுதியிருந்தது. இரண்டையும் சரிசெய்து தரச் சொன்னார்.

மேசையில் விரித்தேன். மூன்று நீளத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சால்வை. இரு ஓரத் துண்டுகளும் கருநீலம், நீளவாக்கில் சிவப்புக் கோடுகள், இடையிடையே நெய்யும்போதே சிவப்பு நூல் சேர்த்துப் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். நடுத்துண்டு வெள்ளை. அதன் மேல் கறுப்பில் யானை, புலி, சேவல், மிதுன் என்று அவர்கள் சொல்லும் காட்டுமாடு, வட்டங்கள், மனிதத் தலைகள். எல்லாம் சிறியவை, எல்லாம் ஒரே கோட்டில் நடந்து போகிற மாதிரி.

முதலில் நைலான் வலையைப் பரப்பி, அதன் மேல் உறிஞ்சு கருவியை மெல்லிய இழுவையில் ஓட்டித் தூசி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு, அதன் மேல் ஒற்றுத்தாள், ஒரு நிமிடம். கருநீலம் நகரவில்லை. சிவப்பும் நகரவில்லை. வரைந்த கறுப்பு மட்டும் தாளில் மிக லேசாக ஒட்டியது. ஆகவே தண்ணீரே காட்டக் கூடாது என்று முடிவாயிற்று. கறை என்று எழுதியிருந்த பழுப்பை உருப்பெருக்கியில் பார்த்தேன். நடுத்துண்டின் இடது ஓரமாக ஒரு முழ நீளம். நூலின் நுனிகள் முறுகி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தன. ஏதோ சிந்தி ஊறியதாகத் தெரியவில்லை.

இடது இணைப்புக்கு வந்தபோதுதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. நடுத்துண்டின் இடது ஓரத்தில், இப்போதைய தையலுக்குப் பக்கத்திலேயே, காலியான ஊசித் துளைகள் ஒரு வரிசை இருந்தன. அதாவது அந்த ஓரம் முன்பு வேறொரு துண்டோடு தைக்கப்பட்டிருந்தது. இடது துண்டின் நெசவும் வலது துண்டைவிடத் தளர்வாக இருந்தது. சிவப்புக் கட்டங்கள் வேறு ஒட்டவில்லை. வலது பக்கக் கடைசிக் கட்டத்தைவிட இடது பக்கக் கடைசிக் கட்டம் இரண்டு விரல் கீழே நின்றது.

இவையெல்லாம் என் தாளின் இடது பக்கம். வலது பக்கத்தில், மிகுந்த தன்னம்பிக்கையோடு, "இடது துண்டு வேறொரு சால்வையிலிருந்து எடுத்தது, விற்றவர் யாரோ ஒட்டுப்போட்டு முழுசாக்கியிருக்கிறார்" என்று எழுதினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற பூரிப்பு. அன்று மாலை வீட்டில் ரசம் வைத்துக்கொண்டே கணவரிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

மாத்தூர் சாப் அதைப் படித்தார். தாள் கோப்பில் போனது. கோப்பு சோப்ராவிடம் போனது. அவருக்கு என் தாளின் நடுக் கோடு கண்ணில் படவில்லை. இடது துண்டு அசல் இல்லை என்றால் பிரித்து எடுத்துவிடலாம், வலதுபோலவே புதிதாக ஒரு துண்டு நெய்து தைத்துவிட்டால் போதும் என்று தீர்மானித்தார். நாகாலாந்திலிருந்து கைவினைக் கண்காட்சிக்கு நெசவுக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் வேலையையும் ஒப்படைத்துவிட்டார். பிரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

நான் மாத்தூர் சாப்பைப் பார்த்தேன். அவர் இழுப்பறையிலிருந்து சின்ன வளைந்த கத்தரியை எடுத்து மேசையில் வைத்தார்.

"எழுதினது நீங்க, ஜெயாஜி. நீங்களே பிரிங்க" என்றார்.

கோபமா, சோதனையா என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

மேல் நுனியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தையலையும் வெட்டி, நூல் துண்டை இடுக்கியால் எடுத்து, சின்ன உறையில் போட்டு எண்ணிட வேண்டும். ஒன்பது ஆயிற்று. பத்தாவதற்குக் கத்தரியைக் கொண்டுபோனபோது கை நின்றது. பயத்தால் இல்லை. ஒன்று கண்ணில் பட்டது. மேல் நுனியில் இடது கட்டமும் வலது கட்டமும் ஒரே மட்டத்தில், மயிரிழை பிசகாமல் இருந்தன. இரண்டாவது கட்டத்தில் இடது கொஞ்சமே கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். அப்படியே வழுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டு விரல். கீழ்நுனியை மட்டும் அளந்துவிட்டு நான் தாளில் எழுதியிருந்தேன். வேறு சால்வையின் துண்டு என்றால் ஏன் மேலே அவ்வளவு சரியாக ஆரம்பித்து, ஒழுங்காக விலகிக்கொண்டே போக வேண்டும்?

கத்தரியை வைத்துவிட்டு, எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, இரண்டு நாள் வேண்டும் என்று மாத்தூர் சாப்பிடம் கேட்டேன். அவர், புத்தகத்தில் தேடாதே, தறியில் உட்காருகிறவரைக் கேள் என்றார்.

தறியில் உட்காருகிறவர் சாணக்யபுரியில், அவர்கள் மாநில விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். பெயர் நரோலா, புதுத் துண்டு நெய்யச் சொல்லி சோப்ரா வேலை கொடுத்திருந்தவர். ஆவோ நாகர் இனத்தவர், என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். நான் போனபோது வராந்தாவில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறி என்று தனியாக ஒரு சட்டமே கிடையாது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் ஒரு முனை தூணில் கட்டியிருந்தது. மறுமுனை அவர் இடுப்பைச் சுற்றிய தோல்பட்டையில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகுகிறது, முன்னால் குனிந்தால் தளர்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூலை நுழைத்து, ஒரு மரக்கத்தியால் ஓங்கி அடித்து இறுக்கினார். உடம்பே தறியின் பாதி. நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது இந்தி. இந்தியில் எது ஆண்பால், எது பெண்பால் என்பது எனக்கும் வராது, அவருக்கும் வராது. நான் சால்வையை ஆணாக்கினால் அவர் பெண்ணாக்குவார். காவலாளி எங்களைத் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

புதுத் துண்டுக்கு அளவு எடுக்க எப்படியும் அவர் வர வேண்டியிருந்தது. மறுநாள் நுழைவுச் சீட்டு வாங்கி அழைத்துப்போனேன். வாசலில் கிண்ணத்தைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலேயே வளையலைக் கழற்றிப் போட்டார். மாத்தூர் சாப் அதைக் கவனித்தார்.

நரோலா படங்களைப் பார்க்கவில்லை. சால்வையைப் புரட்டச் சொல்லிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையுறை வேண்டாம் என்று சொல்லி, விரல் நுனியை வலது துண்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். இடது துண்டின் மேலும் அப்படியே.

"ரெண்டு பொம்பளைங்க" என்றார்.

வழக்கமாக ஓரத் துண்டு இரண்டையும் ஒருத்தியே ஒன்றன்பின் ஒன்றாக நெய்வாள் என்றும், இங்கே கை மாறியிருக்கிறது என்றும் சொன்னார். அதுதான் நானும் எழுதியது, வேறு சால்வையின் துண்டு என்றேன். அவர் தலையசைக்கவில்லை. இடது ஓரத்தைக் கண்ணருகே கொண்டுவந்து, தன் மொழியில் முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் வரை. பிறகு வலது துண்டில். பிறகு மறுபடி இடது.

"தீதி, நாங்க அளவு பார்த்துக் கட்டம் போடறதில்ல. எண்ணிப் போடுவோம். நீங்களும் எண்ணுங்க." என்னைவிடப் பெரியவர்தான், ஆனாலும் மரியாதைக்கு என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்.

உருப்பெருக்கியும் ஊசியும் எடுத்து உட்கார்ந்தேன். ஊடை நூல் ஓரத்துக்கு வந்து திரும்பும் இடத்தில் சின்ன வளைவு தெரியும். அதை எண்ண வேண்டும். வலது துண்டில் முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே முப்பத்தெட்டு. இடதில் முப்பத்தெட்டு. அடுத்த இடைவெளி, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. தமிழில் வாய்விட்டு எண்ணினேன், எதிரே அவர் தன் மொழியில் எண்ணினார். பதினாறு கட்டங்கள், பதினைந்து இடைவெளிகள். ஓர் இடத்தில்கூட இரண்டு பக்கமும் மாறவில்லை. எண்ணிக்கை ஒன்று, அடிதான் வேறு. இடது துண்டை நெய்தவள் அவ்வளவு ஓங்கி அடிக்கவில்லை. ஒவ்வொரு இடைவெளியும் நூலளவு கூடி, அந்தக் கூடுதல் எல்லாம் சேர்ந்து கடைசியில் இரண்டு விரலாயிற்று.

ஆக, அவள் முன்னால் வலது துண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்து, ஒவ்வொரு ஊடையையும் எண்ணி, இதற்காகவே நெய்திருக்கிறாள். சந்தையில் கிடைத்த ஏதோ ஒரு துண்டு அப்படி ஒத்துப்போகாது.

ஏன் நெய்ய வேண்டும் என்று கேட்டேன். நரோலா நடுத்துண்டின் பழுப்பைக் காட்டினார். நெருப்பு என்றார். கூரை வீடுகள், நடுவில் அடுப்பு. பழைய இடது துண்டு எரிந்து போயிருக்கும், மற்ற இரண்டும் தப்பியிருக்கும். இந்தச் சால்வையை நினைத்தவர் எல்லாம் அந்தக் காலத்தில் போர்த்திவிட முடியாது, போரில் பேர் எடுத்தவனோ மிதுன் வெட்டி ஊருக்கே விருந்து வைத்தவனோதான் போர்த்தலாம். அதை எரிந்தது என்று எந்த வீட்டில் தூக்கிப் போடுவார்கள் என்று என்னையே கேட்டார்.

"அந்த ரெண்டாவது பொம்பளை யாரு?" என்றேன்.

"முதுகுல பலம் இல்லாதவ. கிழவியா இருக்கலாம். சின்னப் பொண்ணா இருக்கலாம்."

"எது?"

அவர் சிரித்தார். மேசையில் கிடந்த என் தாளைச் சுட்டி, நடுவில் ஏன் கோடு போட்டிருக்கிறது என்று காலையில் அவர் கேட்டிருந்தார், நான் விளக்கியிருந்தேன். "ரெண்டையும் வலது பக்கம் எழுதிக்குங்க" என்றார்.

புதுத் துண்டு வேண்டாம் என்றால் அவருக்கு வந்த வேலை போய்விடும். அது தெரிந்தேதான் அவர் சொன்னார். கிளம்பும்போது நான் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் இவ்வளவு எண்ணி வைத்ததை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தால், நாளைக்குத் தன்னுடையதை எடுத்துவிட்டு யாராவது வைப்பார்கள் என்றார், ரொம்பச் சாதாரணமாக.

வெட்டிய ஒன்பது தையல் இருந்தது. அதே நீல நூல் கொஞ்சம் தரட்டுமா, தெரியாத மாதிரி தைத்துவிடலாம் என்றார் நரோலா. மாத்தூர் சாப் ஒத்துக்கொள்ளவில்லை. சற்று வெளிறிய நீலத்தில், இது பின்னால் போட்டது என்று தெரிகிற மாதிரிதான் தைக்க வேண்டும் என்றார். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு நான் தைத்தேன், நரோலா அவர்கள் தையல் போகும் விதத்தைப் பக்கத்தில் இருந்து காட்டினார். பிறகு என் அறிக்கையின் வலது பக்கத்தை நானே அடித்து, கீழே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழிக்க வேண்டாம், அடித்தால் போதும், எப்படித் தப்பு செய்தோம் என்பதும் கோப்பில் இருக்கட்டும் என்றார் மாத்தூர் சாப்.

காட்சிக் குழுக் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார். என் தவறிலிருந்து ஆரம்பித்தேன். சோப்ரா முகம் சிவந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் முப்பத்தெட்டைச் சொன்னதும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்று இடைவெளிகளை அவரே வந்து எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பும் இல்லை. சால்வையைத் தொங்கவிடாமல், இரு பக்கக் கட்டங்களும் விலகிப்போவது தெரிகிற மாதிரி சாய்மேசையில் கிடத்தலாம் என்றது அவருடைய யோசனைதான்.

பெயர்ப் பலகையில்தான் தகராறு வந்தது. எல்லாப் பலகையிலும் "செய்தவர்" என்று ஒரு வரி உண்டு. கைவினைப் பொருள் என்றால் அதற்கு எதிரே தெரியவில்லை என்று அச்சடிப்பது வழக்கம். மாத்தூர் சாப் அந்த இடத்தில் இரண்டு பெண்கள் என்று போடச் சொன்னார். பெயர் தெரியாமல் எப்படிப் போடுவது என்றார் சோப்ரா.

"பேர் தெரியாது. எத்தனை பேர்னு தெரியுமே" என்றார் மாத்தூர் சாப். அப்படியே அச்சாயிற்று.

கூடம் திறந்த மறுநாள் நரோலா வந்தார். அன்று மாலை அவர்களுக்கு ரயில். பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, பலகையைப் படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமைதான். அவர் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு பேர், தீதி."

எனக்குப் புரியவில்லை. இன்னொரு கை எங்கே, எந்தத் துண்டில், எந்த ஓரத்தில் என்று மனசு தேடியது.

"யானை, புலி எல்லாம் யார் வரைஞ்சது? நாங்க நெய்யறதோட சரி. வரையறது ஆம்பளைங்க வேலை."

அந்தக் கறுப்பில் சொட்டு விட்டிருக்கிறேன், ஒற்றியிருக்கிறேன், அது நகர்கிறதா என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது யார் கை என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

அவரை வண்டியேற்றிவிட்டு வந்து மாத்தூர் சாப்பிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாளில் புதுப் பலகை வந்தது: இரண்டு பெண்கள், ஓர் ஆண். மாத்தூர் சாப் அதைப் பெட்டியில் திருகிப் பொருத்தும்போது சோப்ரா பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த வரிக்கு இன்னும் யாராவது வருவார்களா என்று கேட்டார்.

"வரலாம்" என்றார் மாத்தூர் சாப். பலகையின் திருகாணிகளை முழுக்க முறுக்காமல், பாதியிலேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க வெளியே போனார்.